நேர்ந்துவிட்ட சேவல்

முதலியார்பேட்டை
10.6.2024

கவி அப்பாவுக்கு,

துர்கா எழுதுவது. நானும் கவிநிலாவும் நலம். நீங்கள் காரைக்காலில் நலமாக இருப்பதாகக் கவி சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவளோடு அரைமணி நேரம் பேசுகிறீர்கள். நான் போனை வாங்கினால் 'ம்' என்கிறீர்கள். இரண்டாவது 'ம்'முக்கு எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. கத்திவிடுகிறேன். காகிதத்தில் எழுதினால் நான் கத்துவது உங்களுக்குக் கேட்காது. அதனால்தான் மருந்துக்கடையில் மத்தியானச் சாப்பாட்டு வேளையில், பில் போடும் மேசையிலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

விஷயம் வேறொன்றுமில்லை, சேவல்தான். உங்கள் முனீஸ்வரனுக்கு நான் நேர்ந்துவிட்ட சேவல். நீங்கள் போகும்போது புறா அளவு இருந்தது. இப்போது பார்த்தால் நம்பமாட்டீர்கள். கொண்டை சிவந்து நிமிர்ந்து நிற்கிறது. நம் ஊர்ப் போலீஸின் சிவப்புத் தொப்பி மாதிரி இருக்கிறது என்று கவி அதற்குப் 'போலீஸ்' என்றே பேர் வைத்துவிட்டாள். பேருக்கு ஏற்ற அதிகாரம். தோட்டத்துப் பக்கம் யாரும் போகக் கூடாது. துணி காயப்போடப் போனால் பின்னாலிருந்து பறந்து வந்து கெண்டைக்காலில் அடிக்கிறது. என் இரண்டு காலிலும் கோடு கோடாகக் காயம். விளக்குமாறு இல்லாமல் நான் பின்வாசலைத் திறப்பதே இல்லை.

போன வியாழக்கிழமை மதில் தாண்டிப் போய்ப் பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாள் அக்காவையும் கொத்திவிட்டது. அவர் சேலையைத் தூக்கிக் காலைக் காட்டிக்கொண்டே நம் வாசலில் வந்து நின்றார். "ஏ துர்கா, எனக்கு சுகர் இருக்குதுன்னு தெரியும் இல்ல? புண்ணு வந்தா ஆறாது. இந்தச் சேவல இன்னா பண்ணப் போற, சொல்லு. இல்லாங்காட்டி முனிசிபாலிட்டியில எழுதிக் குடுத்துருவேன்" என்றார். கடையிலிருந்து மருந்து கொண்டுவந்து நானே கட்டுப் போட்டுவிட்டேன்.

கோழி வளர்த்த குடும்பம் உங்களுடையது. நான் மில்லுக்காரர் மகள். சோற்றில் போட்ட கோழியைத்தான் எனக்குத் தெரியும். என்ன செய்வது என்று எழுதுங்கள்.

துர்கா


காரைக்கால்
15.6.2024

துர்காவுக்கு,

கடிதம் வந்தது. இங்கே காற்றுக் காலம். மின்கம்பி அறுந்துவிழுகிற இடமெல்லாம் ஓடவேண்டியிருக்கிறது. உடம்பு நன்றாக இருக்கிறது.

விளக்குமாற்றை முதலில் தூர வை. அடித்தாலும் உதைத்தாலும் நீ சண்டைக்கு வந்துவிட்டாய் என்றுதான் அதற்குத் தோன்றும். ஓடினாலும் தப்பு, தான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். வரும்போது அசையாமல் நில். பிறகு நீயே மெதுவாக இரண்டு அடி அதன் பக்கம் நடந்து போ. அது நகரும்வரை நீ நகராதே.

பொழுது சாயும்போது அது அடைந்தவுடன் போய்ப் பிடி. அந்நேரம் அதற்குக் கண் சரியாகத் தெரியாது. இரண்டு இறக்கையையும் சேர்த்து அணைத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள். இன்னொரு கையால் தலையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு தோட்டத்தில் நாலு சுற்று நட. கோழிகள் பார்க்கும்படி நட. அடங்கும்வரை கீழே விடாதே. அவசரப்பட்டு விட்டால் அன்றைய வேலை வீண். கால் முள் கூராக இருந்தால் முனையை மட்டும் நகவெட்டியால் வெட்டி அரத்தால் தேய்த்துவிடு. அடிவரைக்கும் வெட்டாதே, ரத்தம் வரும்.

கவியைத் தோட்டத்துப் பக்கம் விடாதே. குஞ்சம்மாள் அக்காவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

வெற்றிவேல்


முதலியார்பேட்டை
21.6.2024

கவி அப்பாவுக்கு,

நீங்கள் எழுதியதைப் பாடம் மாதிரி நாலு முறை படித்தேன். கவியும் படித்தாள். "அப்பா போன்ல இவ்ளோ பேசினதே இல்லம்மா" என்றாள்.

செவ்வாய்க்கிழமை பொழுது சாய்கிற நேரம் போனேன். அது கொய்யாக் கிளையில் அடைந்திருந்தது. ஸ்டூல் போட்டு ஏறினேன். கண் தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு நன்றாகத் தெரிந்தது. இறக்கையால் என் முகத்திலேயே அறைந்தது. ஸ்டூல் ஒருபக்கம், நான் ஒருபக்கம். துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்த மேனிக்கு விழுந்தேன். கவி சமையலறை ஜன்னலில் நின்றுகொண்டு, "அம்மா, எழுந்திரிச்சுடு, போலீஸ் வருது" என்று கத்தினாள். மதிலுக்கு அந்தப் பக்கம் குஞ்சம்மாள் அக்கா சிரித்த சிரிப்பு இந்தத் தெருவுக்கே கேட்டிருக்கும். முனிசிபாலிட்டிப் பேச்சு அன்றோடு நின்றது என்பதால் அந்தச் சிரிப்பை நான் மன்னித்துவிட்டேன்.

இப்போது பகலெல்லாம் அதன்மேல் பஞ்சாரக் கூடையைப் போட்டுக் கவிழ்த்து, மேலே இரண்டு செங்கல் வைத்திருக்கிறேன். உள்ளேயிருந்து முறைக்கிறது. மாலையில் கோழிகளோடு கொஞ்சம் மேயட்டும் என்று விட்டால், உடனே பழைய கதை. ஒன்று கவனித்தேன். அது ஆளைப் பார்ப்பதே இல்லை, காலைத்தான் பார்க்கிறது. அதிலும் செருப்புப் போட்ட கால் என்றால் வெறி வந்துவிடுகிறது. வெறுங்காலோடு போனால் சில சமயம் விட்டுவிடுகிறது. இது ஏன்?

கறிக்கடையில் கொடுத்துவிட்டு வேறொரு சேவல் வாங்கி நேர்ந்துகொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். மனசு ஒப்பவில்லை. காலில் மஞ்சள் கயிறு கட்டி, பேர் சொல்லி விட்டது. சாமிக்கென்று விட்டதை மாற்றினால் என்ன ஆகும் என்று யார் கண்டார்கள். ஆடி வரப்போகிறது. நீங்கள் வந்தால் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். உங்கள் கையால்தான் கொடுக்க வேண்டும். அப்படித்தான் நேர்ந்திருக்கிறேன்.

வருவீர்களா?

துர்கா


காரைக்கால்
27.6.2024

துர்காவுக்கு,

விழுந்ததில் அடி எதுவும் பலமாக இல்லையே? இடுப்பில் வலி இருந்தால் எக்ஸ்ரே எடுத்துப் பார். மருந்துக்கடையில் இருக்கிறோம் என்று நீயே மாத்திரை போட்டுக்கொள்ளாதே.

அது ஏன் காலைப் பார்க்கிறது என்று கேட்டிருந்தாய். இரண்டு நாளாக எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். எழுதிவிடுகிறேன்.

கவி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, தலையில் ஒருபக்கம் முடி இல்லாமல் பின்வாசற்படியில் உட்கார்ந்தே இருப்பாளே, ஞாபகம் இருக்கிறதா? யார் பேசினாலும் சிரிக்கமாட்டாள். நீ வேலைக்குப் போயிருப்பாய். ஒருநாள் அந்தக் குஞ்சு என் செருப்பைக் கொத்தியது. நான் விளையாட்டுக்குக் காலை ஆட்டினேன். அது துள்ளி வந்து காலில் மோதியது. மறுபடி ஆட்டினேன், மறுபடி மோதியது. கவி சிரித்துவிட்டாள். ஒன்றரை மாதம் கழித்து அன்றுதான் அவள் சிரித்தாள்.

பிறகு தினமும் அதே வேலை. ஷிப்ட் முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தோட்டத்துக்குத்தான் போவேன். காலால் தள்ளுவேன், அது பாயும், அவள் சிரிப்பாள். சேவல் குஞ்சை அப்படிப் பழக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள் செய்தாலே அப்பா முதுகில் ஒன்று வைப்பார். தெரிந்தேதான் செய்தேன். அவள் சிரிப்பை நிறுத்த மனசு வரவில்லை.

ஆகவே அந்தச் சேவல்மேல் தப்பில்லை. உன் காலில் இருக்கிற காயமெல்லாம் நான் கொடுத்தது என்றே வைத்துக்கொள்.

ஆடிக்கு லீவு கிடைக்குமா தெரியவில்லை. என் தம்பி எழிலரசனிடம் சொல்கிறேன். அவன் ஊரிலிருந்து வந்து எடுத்துக்கொண்டு போவான். யார் கையால் கொடுத்தால் என்ன, சாமிக்குப் போய்ச் சேர்ந்தால் சரி.

வெற்றிவேல்


முதலியார்பேட்டை
3.7.2024

கவி அப்பாவுக்கு,

முதலிலேயே எழுதிவிடுகிறேன். கவி நன்றாக இருக்கிறாள். கண்ணுக்கு ஒன்றுமில்லை. இந்தக் கடிதத்தை எடுத்த கையோடு பதறாமல் முழுதும் படியுங்கள்.

திங்கட்கிழமை காலை ஸ்கூலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். பின்வாசற்படியில் உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். பஞ்சாரத்தின் மேலிருந்த செங்கல்லை முந்தின நாள் துணி காயப்போட ஏறி நிற்பதற்காக நானே எடுத்திருக்கிறேன். திரும்ப வைக்க மறந்துவிட்டேன். அது பஞ்சாரத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ஷூவைப் பார்த்து வந்திருக்கும். அவள் குனிந்திருந்ததால் முகத்தில் பாய்ந்துவிட்டது.

நான் அங்கேயேதான் இருந்தேன். கையில் டிபன் பாக்ஸோடு, இரண்டு எட்டு தூரத்தில் நின்றேன். அது வருவதைப் பார்த்தேன். பிறகு என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. வெறுங்கையால் அதைப் பிடித்துக் காலியாக இருந்த தண்ணீர் டிரம்முக்குள் போட்டு மூடியிருக்கிறேன். கவி கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தாள். விரலிடுக்கில் ரத்தம். கையை எடுக்கச் சொன்னால் எடுக்கமாட்டேன் என்கிறாள்.

குஞ்சம்மாள் அக்காதான் ஓடிப்போய் ஆட்டோவைப் பிடித்து வந்தார், அந்தக் காலை வைத்துக்கொண்டு. ஆட்டோவில் எங்களோடு அவரும் ஏறினார். "ஒண்ணும் இருக்காது கண்ணு, இதோ வந்துட்டோம், ஒண்ணும் இருக்காது" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார்.

டாக்டர் அம்மா பஞ்சால் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "கண்ணுக்கு ஒண்ணும் ஆகலம்மா. கீழதான் கிழிச்சிருக்குது. மூணு தையல் போட்டாப் போதும்" என்றார். நான் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நர்ஸ் வந்து தண்ணீர் கொடுத்துத் தூக்கிவிட்டார்கள். தையல் போடும்போது கவி அழவே இல்லை. "அம்மா, இன்னிக்கு ஸ்கூல் லீவா?" என்று மட்டும் கேட்டாள்.

இப்போது எழுதப்போவதை உங்களிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. தீபாவளி கழிந்த வாரம், நீங்கள் மறுபடி அவளை வண்டியில் உட்காரவைத்து ஸ்கூலுக்குக் கிளப்பியபோது, தெருவே பார்க்க நான் ஒரு வார்த்தை சொன்னேன். உங்கள் கையில் பிள்ளையைக் கொடுத்ததுதான் நான் செய்த தப்பு என்று. நீங்கள் அவளை இறக்கிவிட்டீர்கள். வண்டிச் சாவியைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினீர்கள். அடுத்த வாரமே காரைக்காலுக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டீர்கள்.

திங்கட்கிழமை கவி என் கையில்தான் இருந்தாள். இரண்டு எட்டுதான். போன ஆடியில் ரோட்டு மணலில் வண்டி சறுக்கி அவள் விழுந்தபோது உங்களுக்கு எத்தனை எட்டு இருந்திருக்கும்? யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

துர்கா


காரைக்கால்
6.7.2024

துர்கா,

உன் கடிதம் வருவதற்கு முன்பே விஷயம் தெரியும். குஞ்சம்மாள் அக்கா மகன் ஹரிகிருஷ்ணன் திங்கட்கிழமையே போன் செய்துவிட்டான். செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் ஏறிப் புதுச்சேரிக்கு வந்தேன்.

ஆமாம், வந்தேன். நம் தெருமுனை இஸ்திரி வண்டி வரைக்கும் வந்தேன். வாசலில் கவி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் வெள்ளையாகக் கட்டு. குஞ்சம்மாள் அக்கா அவளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார். கவி ஏதோ சொல்லிச் சிரித்தாள். கண் இரண்டும் நன்றாகத் திறந்திருந்ததைப் பார்த்தேன். அதற்குமேல் கால் நகரவில்லை. இரண்டு முறை என்னால் அவளுக்கு ரத்தம் வந்திருக்கிறது. வண்டியில் ஒருமுறை, நான் பழக்கிய சேவலால் ஒருமுறை. எந்த முகத்தோடு வாசலில் வந்து நிற்பது? அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

நீ சொன்னது ஒன்றும் பொய்யில்லை. அதற்காக நீ வருத்தப்பட வேண்டாம்.

அந்தச் சேவலை இன்றைக்கே ஹரிகிருஷ்ணனிடம் கொடுத்து அறுத்துவிடச் சொல். வேண்டுதல் எல்லாம் ஒன்றும் வேண்டாம். சாமி கோபித்துக்கொண்டால் என்னைக் கோபித்துக்கொள்ளட்டும். பிள்ளைக்காக நேர்ந்தாய், பிள்ளைதான் பிழைத்துவிட்டாளே. அவள் கண்ணைவிட நேர்த்திக்கடன் பெரிதா?

வெற்றிவேல்


முதலியார்பேட்டை
11.7.2024

கவி அப்பாவுக்கு,

நான்கு மணி நேரம் பஸ்ஸில் வந்து, இஸ்திரி வண்டி வரைக்கும் வந்துவிட்டு, இருபது வீடு தாண்ட முடியாமல் திரும்பினீர்களா? படித்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு நீங்கள் எதிரில் இருந்திருக்க வேண்டும். கவியிடம் சொல்லவில்லை. சொன்னால் தாங்கமாட்டாள்.

சேவலை அறுக்கவில்லை. ஏன் என்று எழுதுகிறேன். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எல்லோரும் கவிக்காக நேர்ந்துகொண்டேன் என்றே நினைக்கிறார்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

அன்று ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து முடித்ததும் டாக்டர் வெளியே வந்தார். உயிருக்கு ஆபத்து இல்லை, நாளைக்குள் கண் விழித்துவிடுவாள் என்று சொன்னார். நீங்களும்தான் பக்கத்தில் இருந்தீர்கள். ஆனால் உங்கள் காதில் அது விழவே இல்லை. ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சட்டையெல்லாம் அவள் ரத்தம். உங்கள் முழங்கை தோல் உரிந்து தொங்கியது. கட்டுப் போடவும் விடவில்லை, தண்ணீர் கொடுத்தால் வாங்கவும் இல்லை. பிள்ளை பிழைத்துவிட்டாள், இந்த மனுஷன் போய்விடுவாரோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

குழாயடிக்குப் போய் நின்றுகொண்டு முந்தானையில் முடிச்சுப் போட்டேன். நான் சொன்னது இதுதான். "முனீஸ்வரா, எம் புருசன் இதுலேருந்து எழுந்திரிக்கணும். எழுந்திரிச்சா அவரு கையாலயே ஒரு சேவல் கொண்டாந்து குடுக்கச் சொல்றேன்."

உங்களுக்காகத்தான் நேர்ந்தேன். கவிக்காக இல்லை.

நேர்ந்துவிட்டு, மூன்றே மாதத்தில் நானே என் வாயால் உங்களைத் திரும்பக் கீழே தள்ளிவிட்டேன். சாமிக்கு என்ன கணக்கு வைப்பது என்று புரியாமல்தான் அந்தச் சேவலை வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்லுங்கள், அதை எழிலரசன் எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பது? ஹரிகிருஷ்ணன் எப்படி அறுப்பது?

இன்னொரு செய்தி. நேற்று மாலை அதை நான் பிடித்துவிட்டேன். தையல் போட்ட அன்றிலிருந்து எனக்கு அதனிடம் பயம் போய்விட்டது. எப்படிப் போனது என்று தெரியவில்லை. செருப்புப் போட்டுக்கொண்டேதான் போனேன். பாய்ந்து வந்தது. நான் நகரவில்லை. முழங்காலில் ஒன்று வாங்கிக்கொண்டு நின்றேன். பிறகு குனிந்து இறக்கையோடு சேர்த்து அணைத்துத் தூக்கிவிட்டேன். கக்கத்தில் வைத்ததும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. என்னுடையது இல்லை, அதனுடையது. நாலு சுற்றுக்குப் பதிலாகப் பத்துச் சுற்று நடந்தேன். கழுத்தில் இறகே இல்லாத நம் கழுத்தறுத்தான் கோழி தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே கூட வந்தது. முள் முனையையும் வெட்டித் தேய்த்துவிட்டேன். இன்றும் பிடித்தேன். இப்போது என்னைக் கண்டால் ஒதுங்கி நடக்கிறது. மற்றவர்களிடம் இன்னும் நம்பமுடியாது. அதனால் பஞ்சாரத்தின்மேல் ஆட்டுக்கல்லையே தூக்கி வைத்திருக்கிறேன்.

ஆடி மாசம் நாலு ஞாயிறு இருக்கிறது. எதற்கு வருகிறீர்கள்?

உங்கள் துர்கா


காரைக்கால்
19.7.2024

அன்புள்ள துர்கா,

உன் கடிதத்தை மின்கம்பத்துக்குக் கீழே நின்று படித்தேன். கூட வந்த ஆள் மேலே ஏறியிருந்தார். "வெற்றி, இன்னாப்பா ஆச்சு, லைன ஆப் பண்ணிட்டியா இல்லியா?" என்று மேலேயிருந்து கத்தினார். லைன் எல்லாம் முன்பே ஆப் செய்துவிட்டேன். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டுத்தான் பதில் கத்தினேன்.

28-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை மாலை வருவேன். பாகூரில் கோயில் பூசாரி அம்மாவாசையிடம் எழிலரசன் சொல்லிவிடுவான். மஞ்சள் துணி, எலுமிச்சம்பழம் நீ வாங்கி வை. மற்றதை நான் வாங்கி வருகிறேன்.

இந்தமுறை இஸ்திரி வண்டியோடு நிற்கமாட்டேன்.

வெற்றிவேல்


காரைக்கால்
31.7.2024

அன்புள்ள துர்கா,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக்கொடுத்த குழம்பை நேற்றுக் காலையும் வைத்துச் சாப்பிட்டேன். பக்கத்து அறைக்காரர் வாசனைக்கு எழுந்து வந்துவிட்டார்.

நேரில் இரண்டு நாள் இருந்தும் நான் அதிகம் பேசவில்லை என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை வாசலில் கவி ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டதும் என்னால் முடியாமல் போய்விட்டது. அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்க்கும் தைரியம் ஞாயிறு காலையில்தான் வந்தது. "வலிக்காதுப்பா, அழுத்திப் பாரு" என்று அவளே என் விரலைப் பிடித்து வைத்தாள்.

கோயிலில் நடந்ததைப் பற்றி நீ கேட்கவில்லை. ஆனால் கேட்க நினைத்தாய் என்று தெரிந்தது. அம்மாவாசை முதல்தடவை மஞ்சள் தண்ணீர் தெளித்தபோது சேவல் சிலுப்பவே இல்லை. இரண்டாம் தடவையும் இல்லை. கல் மாதிரி நின்றது. வீட்டிலெல்லாம் ஆடின ஆட்டத்துக்கு அங்கே ஓர் இறகுகூட அசையவில்லை. உன் முகம் வெளுத்துவிட்டது. சாமி உத்தரவு தரவில்லை என்று கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். அம்மாவாசை என்னிடம், "மனசுல ஏதாவது வச்சிருந்தா சொல்லிடுப்பா, உள்ள வச்சுக்காத" என்றார். நான் குனிந்து ஏதோ சொன்னேன், மூன்றாம் தண்ணீருக்கு உடம்பு முழுக்கச் சிலுப்பியது. நீ கன்னத்தில் போட்டுக்கொண்டாய்.

நான் சாமியிடம் ஒன்றும் சொல்லவில்லை. சேவலிடம்தான் சொன்னேன். "உன்ன காலால தள்ளி சண்ட கத்துக்குடுத்தவன் நான்தான்டா. உம்மேல தப்பு இல்ல. எம் பொண்ண சிரிக்க வச்சதுக்கு ரொம்ப சந்தோசம்" என்றேன். அவ்வளவுதான். ஈரம் பட்டதால் சிலுப்பியதோ, சாமிதான் சிலுப்பியதோ, எனக்குத் தெரியாது. என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது உண்மை.

சமைத்த பிறகு கவி சாப்பிடுவாளோ மாட்டாளோ என்று பயந்தேன். இரண்டு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "போலீஸ் கொஞ்சம் கெட்டிதான் இல்லப்பா?" என்றாள். எழிலரசன் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

ஒன்றே ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. பாகூரிலிருந்து கிளம்பும்போது கவி வண்டியில்தான் வருவேன் என்று அடம் பிடித்தாள். எழிலரசன் தன் வண்டியையும், அவன் மகள் ஹெல்மெட்டையும் கொடுத்தான். நான் உன்னைப் பார்த்தேன். நீ வேறுபக்கம் பார்த்துக்கொண்டு, "மெதுவாப் போங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ்ஸில் ஏறிவிட்டாய். முப்பதுக்குமேல் வேக முள்ளைப் போகவிடவில்லை. சைக்கிள்காரன்கூட எங்களைத் தாண்டிப் போனான். உன் பஸ் ஊருக்கு ஊர் நின்று வந்ததால், நாங்கள் முந்தி வந்து முதலியார்பேட்டை ஸ்டாப்பில் உனக்காக நின்றோம். நீ ஏறின பஸ் வந்தது, நின்றது, போய்விட்டது. நீ இறங்கவில்லை. முக்கால் மணி நேரம் நானும் கவியும் அங்கேயே நின்றோம். நீ போனையும் எடுக்கவில்லை. வண்டியில் கூட்டிவந்ததற்குக் கோபித்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டாய் என்றே முடிவு செய்துவிட்டேன். பிறகு எதிர்ப்பக்கத்து பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து, "கூட்டம், எறங்க முடியல" என்றாய். முகத்தில் கோபம் இல்லை. ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. கோபம் இருந்தால் எழுதிவிடு. தாங்கிக்கொள்வேன்.

புதுச்சேரிக்கே மாற்றல் கேட்டு மனு கொடுத்துவிட்டேன். எப்போது வரும் என்று சொல்லமுடியாது. அதுவரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருகிறேன்.

அன்புடன்,
வெற்றிவேல்


முதலியார்பேட்டை
5.8.2024

அன்புள்ளவருக்கு,

மாற்றல் மனு கொடுத்த செய்தியைப் படித்ததும் கவி குஞ்சம்மாள் அக்கா வீட்டுக்கு ஓடிவிட்டாள். அவர் வழியாக இந்நேரம் தெரு முழுக்கத் தெரிந்திருக்கும். கோழிகள் ஐந்தும் நலம். பின்வாசலை இப்போது தாழ் போடுவதே இல்லை. துணி காயப்போடும்போது மட்டும் பழக்கதோஷத்தில் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.

நீங்கள் சேவலிடம் பேசியதைப் படித்துவிட்டு அரைமணி நேரம் கடையில் யாருக்கும் சரியாகப் பில் போடவில்லை. முதலாளி என்னம்மா உடம்பு சரியில்லையா என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன்.

கோபமா என்று கேட்டிருக்கிறீர்கள். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அன்றே சொல்லியிருப்பேன், எழிலரசனுக்குத் தெரிந்தால் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரே என்று வெட்கமாக இருந்தது.

பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உங்கள் வண்டி பின்னால் வருகிறதா என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கவியின் சிவப்பு ஹெல்மெட் தெரியும், மறையும், மறுபடி தெரியும். இரண்டு கையாலும் உங்கள் வயிற்றைக் கட்டிப்பிடித்திருந்தாள். ஒரு லாரி குறுக்கே வந்தபோது என் உயிர் என்னிடத்தில் இல்லை. நீங்கள் ஓரம் கட்டி, ஒரு காலைத் தரையில் ஊன்றி, அது முழுதும் போகிறவரைக்கும் நின்றீர்கள். திரும்பி அவளிடம் ஏதோ கேட்டீர்கள். அவள் தலையாட்டினாள். அதற்குப் பிறகுதான் கிளப்பினீர்கள்.

அதைப் பார்த்தேன். ஜன்னலிலிருந்து தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன். சாய்ந்து உட்கார்ந்தேன். காற்று நன்றாக வந்தது.

அடுத்து எனக்குத் தெரிந்தது கண்டக்டர் என் தோளுக்குப் பக்கத்தில் கம்பியைத் தட்டியதுதான். "யம்மா, பஸ் ஸ்டாண்டு வந்துடுச்சு. எல்லாரும் எறங்கிட்டாங்க, எழுந்திரும்மா" என்றார். பஸ்ஸில் நான் ஒருத்திதான். போனில் உங்கள் பெயர் ஒன்பது தடவை இருந்தது.

போன வருஷம் ஆடியிலிருந்து நான் ஒருநாளும் அப்படித் தூங்கவில்லை. பிள்ளை மூச்சு விடுகிறாளா என்று கையை வைத்துப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன். அன்று அவள் உங்கள் வண்டியில் வந்துகொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்துகொண்டு தூங்கியிருக்கிறேன்.

கூட்டமெல்லாம் ஒன்றுமில்லை.

அன்புடன்,
துர்கா